புரதச் சுருளியில் வழமைக்கு மாறான ஐதரசன் பிணைப்பைக் கண்டுபிடிப்பது எப்படி

அல்பா சுருளியில் ஐதரசன் பிணைப்பு எப்படிப் போகும் என்று உயர்தரத்தில் உயிரியல் செய்த பிள்ளையை நித்திரையால் எழுப்பிக் கேட்டாலும் சொல்லும்: ஒரு அமினோ அமிலத்தின் என்-எச் (நைதரசனும் அதில் ஒட்டிய ஐதரசனும்), தனக்கு நாலு முன்னால் இருப்பதன் காபனைல் ஒட்சிசனைப் பிடிக்கும். சரி, பிழையில்லை. ஆனால் உண்மையான ஒரு புரதத்தின் பைலைத் திறந்து ஒவ்வொரு சுருளியாக எண்ணிக்கொண்டு போனால், அந்த விதிக்கு அடங்காதவை கனக்கக் கிடக்கும். மூன்று தள்ளிப் பிடிக்கிறது, ஐந்து தள்ளிப் பிடிக்கிறது, ஒரே ஒட்சிசனை இரண்டு பேர் பிடிக்கிறார்கள், நடுவில் ஒரு தண்ணீர் மூலக்கூறு வந்து நிற்கிறது, ஐதரசனே இல்லாத புரோலின் இடையில் வந்து வரிசையைக் குழப்புகிறது. பெரிய பகிடி என்னவென்றால், இப்படிக் குழம்பிக் கிடக்கிற இடம்தான் பல புரதங்களில் வேலை நடக்கிற இடமாக இருக்கும்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் திருநெல்வேலி வளாகத்தில் இறுதியாண்டு செயற்றிட்டம் செய்கிறவர்கள், வீட்டிலிருந்து தாங்களாகப் படிக்கிறவர்கள், உயர்தரம் முடித்துவிட்டு அனுமதிக்காகக் காத்திருக்கிறவர்கள் எல்லோருக்கும்தான் இதை எழுதுகிறேன். ஆய்வுகூடம் தேவையில்லை, பழைய லப்டொப் போதும். பைல்கள் சின்னவை, டேற்றா பெரிதாகப் போகாது.

ஒரு விஷயத்தை முதலே சொல்லிவிடுகிறேன், மிச்சம் எல்லாம் அதிலிருந்துதான் வரும். மென்பொருள் போட்டுத் தருகிற புள்ளிக்கோடுகளைப் பார்க்காதீர்கள். கோடு இல்லாமல் நிற்கிறவர்களைப் பாருங்கள். துணை இல்லாத ஒரு காபனைல், துணை இல்லாத ஒரு என்-எச், இவற்றைப் பட்டியல் போட்டுவிட்டு "நீ யாரோடு இருக்கிறாய்?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டால் வழமைக்கு மாறானவை தானாக வந்து மாட்டும். கோடுகளை எண்ணத் தொடங்கினால் வழமையானவற்றின் கூட்டத்துக்குள் தொலைந்துபோவீர்கள்.

முதலில் வழமையை வடிவாகத் தெரிந்துகொள்ளுங்கள்

லைனஸ் போலிங் 1948இல் ஒக்ஸ்போர்ட்டில் தடிமனோடு கட்டிலில் படுத்துக்கொண்டு, கடதாசியில் பல்பெப்தைட்டுச் சங்கிலியை வரைந்து மடித்து மடித்துத்தான் இந்தச் சுருளியைப் பிடித்தார். கோரி, பிரான்சன் ஆகியோரோடு சேர்ந்து 1951இல் வெளியிட்டார். அதற்கு முதல் ஆண்டு பிராக், கென்ட்ரூ, பெரூட்ஸ் மூவரும் சாத்தியமான சுருளிகளையெல்லாம் அலசி ஒரு கட்டுரை போட்டும் இது கைக்கு வரவில்லை. ஒரு சுற்றுக்கு முழு எண்ணில்தான் அமினோ அமிலங்கள் இருக்கும் என்று நினைத்ததும், பெப்தைட்டுப் பிணைப்பைத் தட்டையாக வைத்திருக்காததும் காரணம். போலிங்கின் சுருளியில் ஒரு சுற்றுக்கு 3.6. ஒவ்வொரு அமினோ அமிலமும் அச்சு வழியே 1.5 அங்ஸ்ட்ரோம் (ஒரு அங்ஸ்ட்ரோம் என்றால் 0.1 நனோமீற்றர்) ஏறும், ஒரு முழுச் சுற்றுக்கு 5.4 அங்ஸ்ட்ரோம். ஐதரசன் பிணைப்பால் மூடப்படுகிற வளையத்தில் 13 அணுக்கள்.

இதிலிருந்து கைக்கு எடுக்க வேண்டிய கணக்கு ஒன்றே ஒன்று. சுருளியின் தொடக்கத்தில் உள்ள முதல் நாலு என்-எச்சுக்கும் பிடிக்க ஆள் இல்லை, முடிவில் உள்ள கடைசி நாலு காபனைலுக்கும் ஆள் இல்லை. 12 அமினோ அமிலம் உள்ள ஒரு சுருளியில் வழமையான பிணைப்பு அதிகபட்சம் 8தான். அதாவது எந்தத் தவறும் இல்லாத, பாடப்புத்தகப் படம் போன்ற சுருளியிலேயே எட்டுப் பேர் வேறு துணை தேடுகிறார்கள். புரதங்களில் சுருளிகள் பெரும்பாலும் இப்படிக் குட்டையானவை என்பதால் "விதிவிலக்கு" என்று நாம் சொல்வது உண்மையில் பெரிய பங்கு.

எதை இறக்குவது, எதில் பார்ப்பது

பழகுவதற்கு மயோகுளோபினைவிட நல்லது இல்லை. 153 அமினோ அமிலம், எட்டுச் சுருளி, பீட்டா மடிப்பு எதுவும் குறுக்கே வராது. புரதத் தரவு வங்கியில் 1ஏ6எம் என்று தேடுங்கள்; ஸ்பேர்ம் திமிங்கிலத்தின் மயோகுளோபின், ஒட்சிசன் பிடித்த நிலையில், 1.0 அங்ஸ்ட்ரோம் பிரிதிறன். (திருகோணமலைக் கடலுக்கு வருகிற அதே திமிங்கில இனம்தான். கென்ட்ரூ முதன்முதலில் கட்டமைப்புக் கண்டதும் இதன் மயோகுளோபினில்தான்.) பிரிதிறன் (எவ்வளவு நுணுக்கமாகத் தெரிகிறது என்ற அளவு, எண் குறையக் குறைய நல்லது) விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். 2.5 அங்ஸ்ட்ரோம் கட்டமைப்பு ஒன்றை வைத்துக்கொண்டு "இது மூன்று தள்ளியா நாலு தள்ளியா" என்று வாதாடுவது வீண் வேலை, ஏனென்றால் அந்த அளவில் காபனைலின் திசையே மங்கல். 1.5இலும் நல்லதாக இருந்தால் மட்டும் இந்த வேலைக்கு எடுங்கள். அல்பாஃபோல்ட் என்ற செயற்கை நுண்ணறிவு மென்பொருள் கணித்துத் தருகிற கட்டமைப்பு வேறு பலவற்றுக்கு உதவும், ஆனால் அதில் தண்ணீர் மூலக்கூறுகள் இல்லை, ஆகவே நாங்கள் தேடுகிறதில் பாதி அங்கே கிடையாது.

பார்ப்பதற்கு பைமோல் அல்லது சைமெராஎக்ஸ். சைமெராஎக்ஸ் படிப்புக்கும் ஆய்வுக்கும் இலவசம். பைமோலின் திறந்த மூலப் பதிப்பும் இலவசம். ஒன்றும் நிறுவ முடியாத நிலை என்றால் தரவு வங்கிப் பக்கத்திலேயே உலாவிக்குள் திறக்கிற மோல்ஸ்டார் இருக்கிறது, போனில்கூட ஓடும், ஆனால் அளவெடுக்கிற வேலைக்கு விரல் நுனி சரிவராது. மௌஸ் வேண்டும்.

பட்டியல் போடுவது

இனித்தான் உண்மையான வேலை. டிஎஸ்எஸ்பி என்ற மென்பொருளை கப்ஷும் சாண்டரும் 1983இல் வெளியிட்டார்கள், இன்றைக்கும் அதுதான் அடிப்படை. இணையத்தில் பைலை ஏற்றி ஓடவிடலாம். வருகிற வெளியீட்டில் எல்லோரும் பார்ப்பது எச், ஜி, ஐ என்ற எழுத்துகளை: எச் என்றால் அல்பா சுருளி, ஜி என்றால் மூன்று-பத்துச் சுருளி (மூன்று தள்ளிப் பிடிப்பது), ஐ என்றால் பை சுருளி (ஐந்து தள்ளிப் பிடிப்பது). அந்த எழுத்துகளை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். பழைய பாணி உரை வெளியீட்டில், வலப்பக்கம் தள்ளி நாலு நிரல்கள் இருக்கும். இரண்டு, இந்த அமினோ அமிலத்தின் என்-எச் யாரைப் பிடிக்கிறது என்று சொல்லும், மற்ற இரண்டு, இதன் காபனைலை யார் பிடிக்கிறார்கள் என்று சொல்லும். உதாரணத்துக்கு என்-எச் நிரலில் "-4, -2.6" என்று இருந்தால், நாலு முன்னால் உள்ளதைப் பிடிக்கிறது, சக்தி கணக்குப்படி மூலுக்கு -2.6 கிலோகலோரி. -0.5ஐவிடக் கீழே இறங்கினால்தான் டிஎஸ்எஸ்பி அதைப் பிணைப்பு என்று ஏற்கும். ஒவ்வொருவருக்கும் முதல் துணை, இரண்டாம் துணை என்று இரண்டு இடம் இருப்பதால், ஒரே காபனைலை இரண்டு பேர் பிடிக்கிற சந்தர்ப்பமும் இங்கேயே தெரிந்துவிடும்.

ஒரு சீஆர் கொப்பியை எடுத்து, அல்லது எக்ஸெலில், மூன்றே மூன்று நிரல்: அமினோ அமிலத்தின் எண், என்-எச் எங்கே போகிறது, காபனைலுக்கு யார் வருகிறார்கள். ஒரு சுருளியை மட்டும் எடுத்து நிரப்புங்கள், முழுப் புரதத்தையும் ஒரே நாளில் செய்ய வெளிக்கிடாதீர்கள். 4 என்று இருப்பதையெல்லாம் வெட்டிவிடுங்கள். மிஞ்சுகிற வெற்றிடங்கள், 3கள், 5கள், இரட்டைகள் ஆகியவைதான் உங்கள் வேட்டை.

எழுத்தை நம்பாதே என்று ஏன் சொன்னேன் என்றால், டிஎஸ்எஸ்பி ஒரு எழுத்தை வைக்க அடுத்தடுத்து இரண்டு திருப்பங்கள் (இப்படி ஒரு பிணைப்பால் மூடப்படுகிற வளைவுகள்) அதே வகையில் இருக்க வேண்டும், தனி ஒன்று இருந்தால் எழுத்து வராது. அதோடு பழைய பதிப்புகளில் அல்பாவுக்கு முன்னுரிமை இருந்ததால் பை சுருளிகள் பெரும்பாலும் எச் என்ற எழுத்துக்குள் மறைந்துபோயின. 2012 அளவில் மென்பொருளைப் புதிதாக எழுதியபோதுதான் பை சுருளிக்கு முன்னுரிமை வந்தது. பழைய கட்டுரைகளில் "பை சுருளி மிக அரிது" என்று வாசித்தால் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நுனிகள்

தொடக்க நுனியில் ஆளில்லாத நாலு என்-எச்சுகளுக்குப் பெரும்பாலும் ஒரு பக்கச் சங்கிலி வந்து கைகொடுக்கும். செரின், திரியோனின், அஸ்பார்டிக் அமிலம், அஸ்பராஜின், இந்த நாலு பேரில் ஒருவர் சுருளிக்குச் சற்று முன்னால் நின்று, தன் பக்கச் சங்கிலி ஒட்சிசனால் இரண்டு அல்லது மூன்று தள்ளியுள்ள என்-எச்சைப் பிடிப்பார். இதற்கு நுனி மூடி என்று வைத்துக்கொள்வோம். ரிச்சர்ட்சன் தம்பதியும், தனியாக பிரெஸ்டா, ரோஸ் இருவரும் 1988இல் இதைத் தெளிவாக எழுதினார்கள்.

மயோகுளோபினில் முதல் சுருளியைப் பாருங்கள். செரின் 3, குளூட்டமிக் அமிலம் 4, கிளைசின் 5, குளூட்டமிக் அமிலம் 6. செரினின் பக்கச் சங்கிலி ஒட்சிசன் 6ஆவதன் என்-எச்சை நோக்கி நிற்கும். 6ஆவதன் பக்கச் சங்கிலி திரும்பி வந்து செரினின் என்-எச்சை நோக்கி நிற்கும். ஒருவருக்கொருவர் கொடுத்து வாங்குகிற இந்தச் சதுரத்தை மூடிப்பெட்டி என்பார்கள். செரின், எதுவோ, எதுவோ, குளூட்டமிக் அமிலம் என்ற வரிசையை எந்தப் புரதத்தின் தொடரில் கண்டாலும் அங்கே ஒரு சுருளி தொடங்குகிறதா என்று ஒருதரம் பார்த்துவிடுவது நல்ல பழக்கம். மயோகுளோபினிலேயே 51இலும் 54இலும் திரியோனினும் குளூட்டமிக் அமிலமும் நிற்கின்றன, அதையும் அளந்து பாருங்கள்.

டிஎஸ்எஸ்பி பக்கச் சங்கிலியை எண்ணுவதே இல்லை. ஆகவே நுனியில் வெற்றிடம் கண்டால் பைமோலுக்குப் போய், அந்த அமினோ அமிலத்தைத் தெரிவுசெய்து, ஏ என்ற பொத்தானுக்குள் ஃபைண்ட், அதற்குள் போலார் கொண்டாக்ட்ஸ் என்று போய்ப் பார்க்க வேண்டும். சைமெராஎக்ஸில் எச்பொண்ட்ஸ் என்ற கட்டளை அதே வேலையைச் செய்யும்; கட்டளைகளை ஆங்கிலத்தில் அடிக்க வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை.

முடிவு நுனியில் ஒரு பொறி இருக்கிறது, கன பேர் அதில் விழுவார்கள். பட்டியலில் சுருளியின் கடைசியில் ஒரு 5 தெரியும். "சேர், பை சுருளி!" என்று துள்ளாதீர்கள். அதற்கு உள்ளே, ஒரு அமினோ அமிலம் தள்ளி, ஒரு 3 இருக்கிறதா பாருங்கள். 5ம் 3ம் ஒன்றுக்குள் ஒன்றாக இருந்து, அங்கே ஒரு கிளைசின் நின்று, அந்தக் கிளைசினின் ஃபை கோணம் (முதன்மைச் சங்கிலி நைதரசன் பக்கத்தில் முறுகுகிற கோணம்) நேர்ப் பெறுமானமாக இருந்தால் அது ஷெல்மன் கட்டு. சுருளியை முடித்துவைப்பதற்கான வழமையான வழிகளில் ஒன்று, அவ்வளவுதான். மற்ற அமினோ அமிலங்களுக்கு நேர் ஃபை பிடிக்காது, பக்கச் சங்கிலி இடிக்கும். கிளைசினுக்குப் பக்கச் சங்கிலியே இல்லாததால் அது அந்த இடத்தில் நிற்கிறது. உண்மையான பை என்றால் 5 சுருளியின் நடுவில் இருக்க வேண்டும், இரு பக்கமும் 4கள் தொடர வேண்டும்.

நுனியில் தனியாக ஒரு 3 வந்தால் பெரிதாக எடுக்க வேண்டாம். சுருளிகள் கடைசிச் சுற்றில் கொஞ்சம் இறுகி மூன்று-பத்தாக முடிவது சர்வசாதாரணம்.

நடுவில் வருகிற 5

இதுதான் எனக்குப் பிடித்த பகுதி. பை சுருளியை 1952இல் லோவும் பேபட்டும் முன்வைத்தார்கள். 16 அணு வளையம். நீளமான பை சுருளி இயற்கையில் கிடைப்பது அருமை, ஆனால் அல்பா சுருளிக்கு நடுவில் ஒரு சுற்று மட்டும் வீங்கி நிற்பது அப்படி அரிதில்லை. குலி, ஆர்ப், கார்ப்ளஸ் மூவரும் 2010இல் காட்டியதன்படி கட்டமைப்புத் தெரிந்த புரதங்களில் சுமார் 15 வீதத்தில் இது உண்டு. அவர்கள் சொன்ன காரணம் அழகானது: கூர்ப்பின்போது ஒரு அமினோ அமிலம் சுருளிக்குள் புதிதாகச் செருகப்பட்டால், அந்தச் சுருளி முழுவதும் 100 பாகை திரும்புவதற்குப் பதிலாக, அந்த ஒரு இடத்தில் மட்டும் வீங்கி மற்ற எல்லாவற்றையும் பழைய இடத்திலேயே வைத்திருக்கிறது. வீக்கம் உறுதியைக் குறைக்கும். குறைந்தும் அது அழியாமல் நிற்கிறது என்றால் அங்கே ஏதோ பிரயோசனம் இருக்க வேண்டும் என்று சந்தேகப்படுவது நியாயம்.

இரண்டு உதாரணம் இறக்கிப் பாருங்கள். ஒன்று சோயா அவரையின் லிபொக்சிஜனேஸ், 1ஒய்ஜிஇ, 1.4 அங்ஸ்ட்ரோம். இந்த நொதியத்தின் இரும்பைப் பிடித்திருக்கிறவர்களில் ஹிஸ்டிடின் 499, ஹிஸ்டிடின் 504 இருவரும் பை வடிவம் எடுத்த சுருளிப் பகுதியில் இருக்கிறார்கள். 499, 504, கழித்துப் பாருங்கள்.

மற்றது பக்டீரியோரொடொப்சின், 1சி3டபிள்யூ, 1.55 அங்ஸ்ட்ரோம். ஏழு சுருளிகள் மென்சவ்வைக் குறுக்கே கடக்கும், ஒளி பட்டால் புரோத்தனை வெளியே தள்ளும். ஏழாவது சுருளியில் லைசின் 216இல்தான் ஒளியை உறிஞ்சுகிற ரெட்டினல் ஒட்டியிருக்கிறது. அதற்கு அடுத்தாற்போல் அலனின் 215இல் சுருளி வீங்கி நிற்கும். அந்தக் காபனைலுக்கு வரவேண்டிய என்-எச் வரவில்லை, அதற்குப் பதிலாக ஒரு தண்ணீர் மூலக்கூறு அதோடு பிணைந்து நிற்கிறது, அதே தண்ணீர் மறுபக்கம் திரிப்டோபன் 182ஐயும் பிடிக்கிறது. மென்சவ்வின் நட்ட நடுவில், எண்ணெய்த்தன்மையான இடத்தில், தண்ணீர். புரோத்தன் போகிற பாதைக்கு அப்படி ஒரு நிறுத்தம் தேவை. மென்பொருளின் புள்ளிக்கோட்டை மட்டும் பார்த்திருந்தால் இந்த இடத்தில் ஒன்றும் தெரியாது, கோடு இல்லாத ஒரு காபனைல் மட்டும்தான் தெரியும்.

ஒரே ஒட்சிசனை இரண்டு பேர் பிடித்தால்

ஒரு குடைக்குள் இரண்டு பேர் நிற்கிற மாதிரி, ஒரு காபனைலை 3 தள்ளியுள்ளதும் 4 தள்ளியுள்ளதும் சேர்ந்து பிடிப்பதுண்டு. சுருளி அல்பாவிலிருந்து மூன்று-பத்துக்கு மாறுகிற இடங்களில் இதை எதிர்பார்க்கலாம். இரண்டும் கொஞ்சம் நீண்டு, கொஞ்சம் கோணி இருக்கும். அளந்து எழுதிவிட்டு மேலே போகலாம்.

இதைவிடச் சுவாரசியமானது பக்கச் சங்கிலி வந்து பங்குபோடுகிற சந்தர்ப்பம். செரினும் திரியோனினும் சுருளிக்கு நடுவில் நிற்கும்போது, தங்கள் ஓ-எச்சைப் பின்னுக்கு வளைத்து 3 அல்லது 4 முன்னால் உள்ள காபனைலிடம் கொடுத்துவிடும், அந்தக் காபனைலிடம் ஏற்கனவே ஒரு என்-எச் இருந்தாலும். கிரே, மத்யூஸ் இருவரும் 1984இலேயே இதைச் சொன்னார்கள், மென்சவ்வுப் புரதங்களுக்கு இது ஏன் முக்கியம் என்றும் சொன்னார்கள்: மென்சவ்வுக்குள் தண்ணீர் மிக அரிது, ஓ-எச் ஒன்று துணையில்லாமல் நிற்க முடியாது, ஆகவே சொந்தச் சுருளியின் காபனைலிடமே போய் ஒட்டிக்கொள்கிறது.

இதற்கு மயோகுளோபினில் கையோடு ஒன்று இருக்கிறது. 1ஏ6எம்மில் ஹிஸ்டிடின் 93ஐப் பெரிதாக்குங்கள். ஈமின் (ஒட்சிசனைத் தாங்குகிற வளையக் கூட்டம்) நடுவில் உள்ள இரும்பைப் பிடித்திருப்பது இதுதான். வளையத்தில் இரண்டு நைதரசன், ஒன்று இரும்போடு. மற்றதை, டெல்ற்றா நைதரசனை, பாருங்கள். அது லியூசின் 89இன் காபனைலை நோக்கியும், செரின் 92இன் பக்கச் சங்கிலி ஒட்சிசனை நோக்கியும் நிற்கிறது. இரு தூரத்தையும் அளந்தால் மூன்று அங்ஸ்ட்ரோமை ஒட்டி வரும். 89 என்பது 93க்கு சரியாக நாலு முன்னால், அதாவது வழமைப்படி 93இன் சொந்த என்-எச் போகிற இடமும் அதே காபனைல்தான். சுருளியின் முதன்மைச் சங்கிலியும், இரும்பைப் பிடித்த வளையமும் ஒரே ஒட்சிசனில் கட்டப்பட்டிருக்கின்றன. ஹிஸ்டிடின் வளையம் எந்தப் பக்கம் திரும்பி நிற்க வேண்டும் என்பதை இந்தப் பிணைப்புகள்தான் இறுக்கிப் பிடிக்கின்றன. இதில் கொஞ்ச நேரம் செலவழியுங்கள்: மௌஸால் சுழற்றி, சுருளியின் அச்சு வழியே ஒருதரம், பக்கவாட்டில் ஒருதரம்.

புரோலின்

புரோலினுக்கு என்-எச் இல்லை. நைதரசன் தன் பக்கச் சங்கிலியோடேயே வளையமாகிவிட்டது. ஆகவே அதற்கு நாலு முன்னால் உள்ள காபனைலுக்கு ஆள் இல்லை. வளையம் முந்திய சுற்றோடு இடிப்பதால் சுருளி மடங்கும், சராசரியாக 26 பாகை என்று பார்லோவும் தோர்ன்டனும் 1988இல் கணக்கிட்டார்கள், அந்த மடிப்பில் பெரும்பாலும் பக்கத்துப் பிணைப்பு ஒன்றும் சேர்ந்து அறும். மயோகுளோபினில் புரோலின் 88 சுருளித் தொடக்கத்தை ஒட்டி நிற்பதால் பெரிய மடிப்பு இல்லை, ஆனால் 84இன் காபனைலுக்கு 88இலிருந்து எதுவும் வராது. 87 வந்து பிடிக்கிறதா, தண்ணீர் நிற்கிறதா, நீங்களே பாருங்கள். நடுச்சுருளியில் பார்க்க வேண்டுமென்றால் பக்டீரியோரொடொப்சினின் புரோலின் 50, 91, 186.

அப்புறம் ஒரு நுணுக்கம். ஆளில்லாமல் போன அந்தக் காபனைலுக்கு, புரோலின் வளையத்தின் டெல்ற்றா காபனில் உள்ள சி-எச் வந்து பக்கத்தில் நிற்கும். காபனின் ஐதரசன் பிணைப்பில் சேருமா என்று கேட்பீர்கள். நைதரசனோடு ஒப்பிட்டால் பலவீனம்தான், ஆனால் 1998இல் பினாக் சக்ரபர்த்தியும் இன்னொரு சக்ரபர்த்தியும் சுருளிகளில் உள்ள புரோலின்களை எடுத்துப் பார்த்து இது ஒழுங்காக வருகிறது என்று காட்டினார்கள். பைமோலின் போலார் கொண்டாக்ட்ஸ் இதைக் காட்டவே காட்டாது, அது நைதரசனையும் ஒட்சிசனையும் மட்டும் பார்க்கிறது. ஐதரசன்களைச் சேர்த்துவிட்டு, மெஷர்மென்ட் கருவியால் காபனுக்கும் ஒட்சிசனுக்கும் இடையில் கையால்தான் அளக்க வேண்டும். 3.8 அங்ஸ்ட்ரோமுக்குள் இருந்து, சி-எச் உண்மையில் ஒட்சிசனை நோக்கிப் பார்த்தால் எழுதிக்கொள்ளுங்கள்.

தண்ணீர்

நீரில் கரைகிற புரதங்களில் பல சுருளிகளுக்கு ஒரு முகம் உள்ளே, ஒரு முகம் வெளியே. எந்த அமினோ அமிலம் எந்த முகம் என்று அறிய, கொப்பியில் ஒரு வட்டம் கீறி, பாகைமானியால் 100 பாகைக்கு ஒன்றாக எண்களைக் குறித்துக்கொண்டு போங்கள் (360ஐ 3.6ஆல் வகுத்தால் 100). எண்ணெய்த்தன்மையானவை ஒரு பக்கம் கூடும். மற்றப் பக்கம் தண்ணீர்ப் பக்கம். அந்தப் பக்கத்துக் காபனைல்கள் கொஞ்சம் வெளியே சரிந்து, தங்கள் என்-எச்சை விடாமலே ஒரு தண்ணீரையும் பிடித்துக்கொள்ளும், அதனால் என்-எச்சோடு உள்ள தூரம் கொஞ்சம் நீளும். உள்முகத்தில் அப்படி நீளாது. ஆகவே சுருளி வில் மாதிரி வளையும், தண்ணீர்ப் பக்கம் புறத்தே. பிளண்டெல் குழுவினர் 1983இல் எழுதியது இது. உங்கள் பட்டியலில் 4கள் எல்லாவற்றுக்கும் தூரத்தையும் எழுதி, தண்ணீர்ப் பக்கத்தை ஒரு நிறப் பேனையால் குறித்தால் இந்த வளைவை எண்களிலேயே காணலாம்.

இன்னும் ஒரு படி போனால், தண்ணீர் நடுவில் புகுந்து என்-எச்சையும் காபனைலையும் பிரித்துவிட்டு, தானே இரண்டையும் பிடித்து நிற்கும். சுந்தரலிங்கமும் சேகருடுவும் 1989இல் இந்தப் புகுந்த தண்ணீர்களைத் தொகுத்து, சுருளி உருவாகிற வழியின் தடயமாக இருக்கலாம் என்றார்கள்.

கண்டதை நம்புவதற்கு முன்

ஐதரசனைக் கொடுக்கிற அணுவுக்கும் (வழங்கி) அதைப் பிடிக்கிற அணுவுக்கும் (வாங்கி) இடையில் 3.5 அங்ஸ்ட்ரோமுக்குள், ஐதரசனில் கோணம் 120 பாகைக்கு மேல் என்பது பொதுவான எல்லை. ஆனால் ஐதரசன் இருக்கிற இடம் பெரும்பாலும் கண்டதில்லை, கணித்தது. முதன்மைச் சங்கிலி என்-எச்சில் அந்தக் கணிப்பை நம்பலாம், செரினின் ஓ-எச் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதில் நம்ப முடியாது, அங்கே ஒட்சிசனுக்கு ஒட்சிசன் தூரத்தை மட்டும் சொல்லுங்கள்.

அஸ்பராஜின், குளூட்டமின், ஹிஸ்டிடின் பக்கச் சங்கிலிகளில் எது நைதரசன் எது ஒட்சிசன் (ஹிஸ்டிடினில் காபன்) என்று எக்ஸ் கதிர்ப் படத்தில் சாதாரணமாகப் பிரித்துச் சொல்ல முடியாது, ஆகவே 180 பாகை பிழையாகத் திருப்பி வைத்திருக்கலாம். மொல்புரோபிட்டி என்ற சரிபார்ப்புத் தளத்தில் ஏற்றினால் திருப்ப வேண்டியவற்றைச் சொல்லும். ஏ, பி என்று இரண்டு நிலையில் எழுதப்பட்ட பக்கச் சங்கிலிகள் இருந்தால் ஒரு நிலையை மறைத்துவிட்டு அளவெடுங்கள், இல்லாவிட்டால் இல்லாத இரட்டைப் பிணைப்பைக் கண்டுபிடித்துவிடுவீர்கள். பி-காரணி (அணு எவ்வளவு மங்கலாக, அசைந்தபடி தெரிகிறது என்ற அளவு) சுற்றியுள்ளவற்றைவிட மிக அதிகமாக உள்ள தண்ணீரை வைத்து எந்த வாதமும் கட்டாதீர்கள். தரவு வங்கியில் இலத்திரன் அடர்த்தி வரைபடமும் கிடைக்கிறது, அந்தத் தண்ணீர் இருக்கிற இடத்தில் உண்மையில் அடர்த்தி உண்டா என்று ஒருதரம் பாருங்கள்.

எல்லாம் பார்த்தும் ஒரு காபனைல் தனியாக நிற்கிறதா? பைமோலில் ஏ, ஜெனரேட், சிமெட்ரி மேட்ஸ் என்று போய் 4 அங்ஸ்ட்ரோமைத் தெரிவுசெய்யுங்கள். பளிங்குக்குள் பக்கத்தில் அடுக்கியிருக்கிற மற்றப் புரத மூலக்கூறுகள் வந்து நிற்கும். நீங்கள் தேடிக்கொண்டிருந்த துணை சிலவேளை பக்கத்து மூலக்கூறின் லைசினாக இருக்கும், அப்படியென்றால் அது பளிங்குக்குள் மட்டும் உள்ள பிணைப்பு, அறிக்கையில் அதை அப்படியே குறிப்பிட்டு, சுருளியின் சொந்தக் கணக்கில் இருந்து வெட்டிவிடுங்கள்.